கண் வைக்காத கொடுவா

அந்தக் குழாய மேல பலகையில வைக்க வேண்டாம் தம்பி. நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்லுதிய, ஆனா அது என் கால்மாட்டுலயே இருக்கட்டும். இடிச்சா சொல்லுங்க, இந்தப் பக்கமா சாச்சுக்கிடுதேன். கண்டக்டரும் ஏறும்போதே கேட்டாரு, என்ன பெரியவரே தூண்டியான்னு. தூண்டி இல்ல. தூண்டியத் தொட்டு இருவத்தஞ்சு நாளாச்சு. இது தண்ணி லைனுக்குப் போடுற பிளாஸ்டிக் குழாய்தான். உள்ள துணி இருக்கு. துணியில ஒரு மீன் இருக்கு.

சிரிங்க, பரவாயில்ல. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க.

நீங்க எங்க எறங்கணும்? உடன்குடியா? நான் திசையன்விளை. அப்ப நேரம் இருக்கு, சொல்லலாம். சொல்லாம இருந்தா எனக்கு மூச்சு முட்டுது.

என் பேரு ஆவுடையப்பன். எடையளவுல முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். கடை கடையாப் போயி தராசு, படி, எடைக்கல்லு எல்லாத்தையும் சரிபாத்து முத்திரை குத்துற வேல. முப்பத்திமூணு வருசம். ஒரு கிலோ கல்ல உள்ளங்கையில வாங்கினாலே சொல்லிருவேன், இது பத்து கிராம் கொறையுதுன்னு. என்னக் கண்டா தூத்துக்குடி பஜாருல பாதிப் பேரு ஷட்டர இழுத்துருவான். பெருமைக்குச் சொல்லல. அளவுன்னா அளவா இருக்கணும். அவ்வளவுதான் நான் கேட்டது, எல்லாருகிட்டயும்.

ரிட்டயர் ஆன பொறவு தூண்டி போடப் போனேன். நாங்க மீன்பிடிக்காரங்க இல்ல தம்பி. படகு கிடையாது, வல கிடையாது. அலை தடுக்கக் கடலுக்குள்ள கல்லக் கொட்டி வச்சிருக்காம்லா, அது மேல நின்னு ஆளுக்கு ஒரு கம்பு, ஒரு ரீலு. ஞாயித்துக்கெழம விடியுமுன்னாலயே போயிருவோம். எட்டுப் பேரு. பேங்குல இருந்தவர், வாத்தியார், ஒரு பல் டாக்டர், இப்பிடி. உண்மையான மீன்பிடிக்காரங்க படகுல போகும்போது எங்களப் பாத்து, அய்யாமாரே, மீனுக்குச் சோறு போட்டாச்சான்னு கேட்டுட்டுப் போவாங்க. பாதி நாளு இரைய மீனு தின்னுட்டுப் போயிரும், அதான்.

அந்த எட்டுப் பேருல ஒருத்தன் கனகமணி. துறைமுகத்துல கப்பலுக்கு ஏத்துற எறக்குற மூட்டைய எண்ணுற கிளார்க்கா இருந்தவன். என்னைய விட ஆறு வயசு சின்னவன். என்னைய அண்ணாச்சிம்பான், நான் அவன வே, வேன்னு கூப்பிடுவேன். மெதுவாப் பேசுவான். யாராவது எதுத்துப் பேசினா, சரி விடுங்கம்பான். அந்தச் சரி விடுங்கதான் அவன் வாயில ஒரு நாளைக்கு இருவது தடவ வரும். எனக்கு அதக் கேட்டாலே எரிச்சலா வரும். என்னவே சரி விடுங்க, சரின்னா சரி, தப்புன்னா தப்புன்னு சத்தம் போடுவேன். அதுக்கும் சரி விடுங்க அண்ணாச்சிம்பான்.

துணியில மீனப் பதிக்கிறத எங்களுக்குக் கொண்டுவந்தது அவன்தான். ஒரு ஜப்பான் கப்பலு வந்து ஒரு வாரம் கெடந்தப்ப, அதுல ஒரு இன்ஜின்காரன் மேல் தட்டுல உக்காந்து செஞ்சிட்டிருந்தத நின்னு பாத்திருக்கான். பிடிச்ச மீன உப்பு போட்டுத் தேச்சு, வழுவழுப்பு போகக் கழுவித் தொடச்சுரணும். செட்டையெல்லாம் விரிச்சு, அடியில பஞ்சு வச்சு நிறுத்தணும். பொறவு படம் வரையுற கறுப்பு மைய பிரஷால தடவி, அது மேல துணியப் போட்டு உள்ளங்கையால அமுக்கிக்கிட்டே வரணும். தலையில இருந்து வாலுக்கு. துணிய எடுத்தா மீனு அப்பிடியே இருக்கும். செதிலு செதிலா எண்ணலாம். மை பட்ட தோல உரிச்சுப் போட்டுட்டு மீனக் கொழம்பு வச்சிரலாம், ஒண்ணும் வீணாகாது. கண்ணு மட்டும் சரியாப் பதியாது, வெள்ளையா விட்டுப் போயிரும். அத மட்டும் பொறவு சின்ன பிரஷால கையால வைக்கணும். எங்க எட்டுப் பேரு மீனுக்கும் கண்ணு வச்சது கனகமணிதான். அவன் வச்சா மீனு நம்மளப் பாக்கும்.

அவன் பதிக்கிறதக் கொண்டுவந்தான், நான் அளக்குறதக் கொண்டுவந்தேன். அதுக்கு முன்னால என்ன செஞ்சாங்க தெரியுமா? ஆளாளுக்குப் போட்டோ புடிச்சிட்டு வந்து காட்டினாங்க. கைய முன்னால நீட்டி மீனப் புடிச்சா கால் மீனு முழு மீனாத் தெரியும். நான் சொல்லிட்டேன், போட்டோ பொய் சொல்லும், துணி பொய் சொல்லாது. இனிமே எவன் எவ்வளவு பெருசு புடிச்சாலும் துணியில பதிச்சு என்கிட்ட தரணும். நான் எஃகு டேப்ப வச்சு அளந்து, மாச முத ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாலயும் வாசிப்பேன். நான் வாசிச்ச பொறவு அளவத் துணியில எழுதி, அதுக்குப் பொறவுதான் கண்ணு. அளவு சரியில்லாத மீனுக்குக் கண்ணு கெடையாது. எல்லாரும் ஒத்துக்கிட்டாவ. ஒம்பது வருசம் ஒரு சண்டை இல்ல.

அதுல பெரிய மீனு என்னோடது. கொடுவா. தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர். அத யாரு அளந்தாங்கன்னா நான்தான் அளந்தேன். வேற யாருக்கு அளக்கத் தெரியும்?

கேளுங்க, இனிமேத்தான் விசயம். போன வருசத்துக்கு முந்தின ஐப்பசி. கோவில்பட்டியில என் தங்கச்சி மக கல்யாணம். நான் மட்டும் ரெண்டு நாளு போயிருந்தேன், வீட்டம்மாவுக்குக் கால் வலி, வரல. அந்த ரெண்டு நாளுல, புதன்கெழம காலையில, கனகமணி தனியாக் கல்லு மேல போயி நின்னிருக்கான். ஒரு கொடுவா அடிச்சிருக்கு. முக்கா மணி நேரம் இழுத்திருக்கு அவன. கல்லுல உக்காந்து, முழங்கால் தேஞ்சு, எப்பிடியோ ஏத்திட்டான். தரையிலயே அளந்து பாத்தான், நூத்திரண்டு.

நூத்திரண்டு தம்பி. மீட்டருக்கு மேல. எங்கள்ல எவனும் மீட்டரத் தொட்டதில்ல.

நாங்க வழக்கமாப் பழைய வேட்டியிலதான் பதிப்போம். கிழிஞ்சத, நைஞ்சத. இவனுக்கு மனசு வரல. இந்த மீனுக்குப் பழைய வேட்டியான்னு, மீன ஐஸ்ல போட்டுட்டு, கடை தெறக்குற வரைக்கும் காத்திருந்து, புதுக் காடாத் துணி ரெண்டு மீட்டர் வாங்கியிருக்கான். மொடமொடன்னு கஞ்சி மணம் போகாத துணி. அதுல பதிச்சான். மீன வெட்டித் தெரு பூராவும் குடுத்தான். எங்க வீட்டுக்கும் ஒரு துண்டு வந்துச்சு. சாயங்காலம் துணியக் கொண்டாந்து எங்க வீட்டுல குடுத்துட்டு, அண்ணாச்சி வந்தா அளக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். ஒரு சின்னப் பையன் மார்க் ஷீட்டக் குடுத்த மாதிரி நின்னாவன்னு எங்க வீட்டம்மா சொன்னா. இப்பச் சொன்னா. அன்னைக்கிச் சொல்லல.

நான் வியாழக்கெழம வந்தேன். மேசை மேல துணி மடிச்சு, இஸ்திரி போட்டு இருந்துச்சு. நான் எதையும் ஞாயித்துக்கெழமைக்கு முன்னால பிரிக்க மாட்டேன், அது என் பழக்கம்.

ஞாயித்துக்கெழம எங்க வீட்டு மாடியில எல்லாரும் கூடினாங்க. கனகமணி வெள்ளச் சட்ட போட்டு, தல வாரி, சட்டப் பையில மை பாட்டிலும் கண்ணு வைக்கிற பிரஷும் வச்சிட்டு வந்திருந்தான். நான் துணிய விரிச்சேன். டேப்ப மூக்கு நுனியில வச்சேன். வாலு வரைக்கும் இழுத்தேன். தொண்ணூத்தேழு.

இன்னொரு தடவ வச்சேன். தொண்ணூத்தேழு.

எனக்கு என்ன தோணிச்சுன்னா, சொன்னா நம்புவியளான்னு தெரியல, வருத்தமாத்தான் இருந்துச்சு. என் தொண்ணூத்தெட்டுக்கு ஒண்ணு கொறையுதேன்னு சந்தோசம்லாம் இல்ல. அப்பிடித்தான் பல் டாக்டர் பொறவு வெளிய சொன்னாராம். அவருக்கு நாக்குல எலும்பு கெடையாது.

நான் கேட்டேன், என்னவே நூத்திரண்டுன்னு ஊரு பூராவும் சொல்லியிருக்கீரு, அஞ்சு சென்டிமீட்டர எங்க வச்சீருன்னு. அவன் குனிஞ்சு துணியப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். கையால தடவிப் பாத்தான். பொறவு சொன்னான், "இது என் மீன் மாதிரி இல்லையே அண்ணாச்சி. கட்டையா இருக்கு."

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. உம்ம மீன் இல்லாம வேற யாரு மீன்வேன்னு வாத்தியாரு கேட்டாரு. அவன் சிரிக்கல. என்னப் பாத்துக் கேட்டான், "இத யாராவது நனைச்சாங்களா அண்ணாச்சி?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தப்பு பண்ணினவன் எங்கயாவது ஒரு சாக்கு தேடுவான்லா, முப்பத்திமூணு வருசம் பாத்திருக்கேன். கல்லு மழையில நனைஞ்சிட்டு சார், எலி கடிச்சிட்டு சார். நான் சத்தம் போட்டேன். "என் வீட்டுல என்னக் கேக்காம ஒரு துரும்பு அசையாதுவே" ன்னு சொன்னேன்.

அப்ப எங்க வீட்டம்மா காப்பித் தட்டோட மாடிப்படியில ஏறி வந்து நின்னா. உலகம்மைன்னு பேரு. கனகமணி என் முகத்தப் பாக்காம, அந்தக் காப்பித் தட்டப் பாத்தான். நான் கவனிச்சிட்டேன். நேருக்கு நேரா முகத்தப் பாக்க முடியல பாத்தியான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் அங்கயே பாத்திட்டு, "சரி விடுங்க அண்ணாச்சி" ன்னான்.

அந்தச் சரி விடுங்கதான் எனக்குக் கெடச்ச வாக்குமூலம். அவ்வளவு பேரு முன்னால சொன்னேன், இத்தன வருசமா என்கூடவே ஒரு கள்ள எடைக்காரன் உக்காந்திருந்திருக்கான்னு.

அவன் கோவப்படல. ஒரு வார்த்த கோவமாப் பேசியிருந்தாக்கூட நான் ஒருவேள இன்னொரு பக்கமா யோசிச்சிருப்பேன். பையில இருந்த பிரஷ எடுத்துப் பாத்தான், திரும்பவும் உள்ள வச்சுக்கிட்டான். காப்பியக் குடிச்சான். உலகம்மைகிட்ட, நல்லாருக்கு மைனின்னான். படியில எறங்கிப் போனான். அதோட அவன் எங்க கல்லுப் பக்கம் வரல.

துணி என்கிட்டயே இருந்துச்சு. கண்ணு இல்லாம.

அடுத்து என்ன ஊரு வரப் போகுது? முக்காணி தாண்டியாச்சா. சரி.

நாலஞ்சு மாசம் கழிச்சு ஒருநா போனு பண்ணினான். உடம்பு சரியில்ல, சொந்த ஊருக்கே போறோம், திசையன்விளையில பழைய வீடு இருக்குன்னு சொன்னான். என்ன உடம்புக்குன்னு நான் கேட்டேனா? கேட்டிருக்கணும். கேக்கல. மன்னிப்புக் கேக்கத்தான் சுத்தி வளைக்கான்னு நெனச்சுக் காத்துக்கிட்டிருந்தேன். கடைசியா அவன் கேட்டது இதுதான்: "அந்தத் துணிய ஈரம் பண்ணி நல்லா இழுத்துப் பிடிச்சு, இன்னொரு மட்டம் அளந்து பாப்பியளா அண்ணாச்சி? அளவு சரியா வந்தா, ஒரு எட்டு வந்து கண்ணு வச்சிட்டுப் போயிருவேன்."

நான் என்ன சொன்னேன்னா, அளந்தது அளந்ததுதான்வேன்னேன். ரப்பரா அது, இழுத்து அளக்கன்னு கேட்டேன்.

சரி விடுங்கன்னான்.

அதுக்குப் பொறவு நானும் பேசல, அவனும் பேசல. எனக்கு அவன ரொம்பப் பிடிக்கும் தம்பி. அதை யாருகிட்டயும் சொன்னதில்ல. ஞாயித்துக்கெழம கல்லு மேல நிக்கும்போது அவன் நிக்கிற எடம் காலியாக் கெடக்கும், அதப் பாக்கப் பிடிக்காம நான் மறுபக்கமாத் திரும்பி நிப்பேன். மறுபக்கம் மீனே வராது. அப்பிடியும் அங்கயேதான் நிப்பேன். நான் போயிப் பாத்தா, தப்பு என் மேலதான்னு ஆயிரும்லா. அவன் வரட்டும்னு இருந்தேன். அவனுக்கு ஈரல்ல நோவாம், அது எனக்குத் தெரியாது. பல் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஒருத்தனும் சொல்லல. ஏன்னு கேட்டா, உங்ககிட்ட யாரு பேசன்னு கேக்காரு.

இருவத்தஞ்சு நாளைக்கு முன்னால போயிட்டான்.

துஷ்டிக்குப் போனேன். போகாம இருக்க முடியுமா? கனகமணி வீட்டம்மா ரஞ்சிதம், வந்துட்டியளா அண்ணாச்சின்னு ஒரு வார்த்த சொன்னாவ, பொறவு முந்தானைய வாயில வச்சுக்கிட்டாவ. உள்ள கூடத்துல சுவரு பூராவும் துணி. சின்னச் சின்னத் துணி. கிழங்கான், ஓரா, வெரலு நீளத்துக்குச் சாளை. உடம்பு முடியாமப் போன பொறவு கரையில நாற்காலியப் போட்டு உக்காந்து புடிச்சிருக்கான் போல. ஒவ்வொரு மீனுக்குப் பக்கத்துலயும் ஒரு ஸ்கேலு பதிஞ்சிருந்துச்சு. ஆமா, அடி ஸ்கேலு. ஸ்டீல் ஸ்கேலுக்கும் மை தடவி, மீனோட சேத்து அமுக்கியிருக்கான். எண்ணெல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரித் திரும்பி விழுந்திருந்துச்சு. எட்டு சென்டிமீட்டர் சாளைக்கு ஸ்கேலு.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பரவாயில்ல, நம்ம சொன்னதுல திருந்தியிருக்கான்னு நெனச்சேன். பக்கத்துல நின்ன ஆளுகிட்ட அதச் சொல்லவும் சொன்னேன். பாத்தீரா, அளவுன்னா இப்பிடித்தான் இருக்கணும், நான் போட்ட சத்தத்துக்கு வந்த ஒழுக்கம்னேன். பொணத்த வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு அதச் சொன்னேன்.

நான் சுவரையே பாத்துட்டு நிக்கதக் கண்டு ரஞ்சிதம் பக்கத்துல வந்து சொன்னாவ, இப்பல்லாம் புதுத் துணின்னா மூணு தடவ நனைச்சுக் காயப்போட்டுத்தான் மீன வைப்பாவ அண்ணாச்சி, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாவன்னு. நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுச் சாப்பிட உக்காந்தேன். சாப்பிட்டுக்கிட்டே உலகம்மைகிட்ட சொன்னேன், கடைசியில அவனுக்கு மூள கொழம்பிட்டுன்னு நெனைக்கேன், துணிய மூணு மட்டம் நனைச்சுக் காயப்போட்டானாம்னு. அவ கையில இருந்த ரசக் கரண்டி அப்பிடியே நின்னுட்டு. ரசம் தரையில ஊத்துது. நான் என்னட்டின்னு கேட்டேன். சொன்னா.

அந்தப் புதன்கெழம அவன் துணியக் குடுத்துட்டுப் போன பொறவு, மீன் நாத்தமும் எறும்புமா இருந்துச்சாம். நான் வந்தா சத்தம் போடுவேன்னு, வாளியில சுடுதண்ணி ஊத்தி, சோப்புப் போட்டு ஊற வச்சு, கும்மி, கொடியில காயப்போட்டு இஸ்திரியும் போட்டிருக்கா. மை போகல. போகாத மை அது. துணிதான் சுருங்கிட்டு. புதுக் காடா நனைஞ்சா சுருங்கும்னு பாவாட தைக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். அளவுக்காரன் எனக்குத் தெரியல. நான் இரும்ப அளந்தவன், கல்ல அளந்தவன். துணிய அளந்ததில்ல.

மாடியில நான் சத்தம் போட்டப்பவே அவளுக்குப் புரிஞ்சிட்டாம். சொல்ல வாயத் தெறந்தாளாம். "அவிய என்னப் பாத்தாவ. வேண்டாம், பேசாத மைனின்னு கண்ணக் காட்டுனாவ" ன்னா. பொறவுதான் சரி விடுங்கன்னானாம்.

அப்ப அவன் பாத்தது காப்பித் தட்ட இல்ல.

அவனுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. குடுத்தது அவ கையில. நனைச்சது அவளாத்தான் இருக்கும்னு அவனுக்கு அந்த நிமிசமே தெரிஞ்சிருக்கு. அத்தன பேரு முன்னால நான் அவளப் பாத்து என்ன பேசுவேன்னும் தெரிஞ்சிருக்கு. அவ திட்டு வாங்கக் கூடாதுன்னு அவன் கள்ளன்னு பேரு வாங்கிட்டுப் போயிட்டான்.

நான் அவகிட்ட கேட்டேன், ஒண்ணே கால் வருசம் ஏன்டி சொல்லல? நான் என்ன புலியா, உன்னக் கடிச்சா தின்னுருவேன்னு? அவ அடுப்படிப் பக்கம் பாத்தா. அங்க சுவத்துல ஒரு கற இருக்கு. என் டேப்ப அவ எடுத்து ஏதோ சன்னலு அளந்துட்டு எடம் மாத்தி வச்சிட்டான்னு ஒருநா சாம்பாருக் கிண்ணத்த எறிஞ்சேன், அந்தக் கற. அது எப்பவோ நடந்தது. எட்டு வருசம் இருக்கும். ஆம்பள கோவத்துல ஒண்ணு செய்யதுதான். அதப் போயி இன்னும் மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கா பாருங்க.

மறுநா காலையில அதே கடைக்குப் போனேன். அதே காடாத் துணி. வீட்டுல விரிச்சுப் பென்சிலால கோடு போட்டேன், சரியா நூத்திரண்டு. சுடுதண்ணியில ஊற வச்சேன், காயப்போட்டேன், நானே இஸ்திரி போட்டேன். அளந்தேன். தொண்ணூத்தேழு. கடைக்காரன் வேற துணி தந்திருப்பான்னு இன்னொரு துண்டு. தொண்ணூத்தேழு. மூணாவது துண்டும் வாங்கி அளந்தேன். ஒரு கிராம் ரெண்டு கிராம் கல்லையே இடுக்கியால தூக்கி வைக்கிற கை இது, பிசகாது. தொண்ணூத்தேழுதான்.

மூணு துண்டையும் கொண்டு போறேன். பையில இருக்கு. மீன் துணி குழாய்ல இருக்கு. ரஞ்சிதம்மாகிட்ட காட்டணும். காட்டி என்ன சொல்லணும்னுதான் தெரியல. காலையில இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன். எங்க வீட்டம்மா தெரியாம நனைச்சிட்டா, அதுல வந்த பிசகு, இப்பிடிச் சொல்லிப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு, ஒரு பொய் இல்ல. ஆனா அதச் சொல்லிட்டா, கனகமணி எதச் சொல்ல வேண்டாம்னு வாய மூடிக்கிட்டுப் போனானோ, அத நானே போயி அவன் வீட்டுக் கூடத்துல நின்னு சொன்ன மாதிரி ஆயிரும். துணி சுருங்கிட்டுன்னு மட்டும் சொல்லிப் பாத்தேன். அது துணி மேல பழிய போட்ட மாதிரி இருக்கு. துணி என்ன செய்யும்? நனைச்சா சுருங்கும். கேட்ட கேள்விக்கு நான்தான் சுருக்குன்னு பதில் சொல்லிட்டேன்.

நான் தப்பா அளந்துட்டேன்னு சொல்லணும். அதுதான் சரி. அத இன்னும் சத்தமாச் சொல்லிப் பாக்கல. உங்ககிட்டதான் முதல்ல சொல்லுதேன்.

அந்த மீனு நூத்திரண்டு. அவன் தரையில அளந்தது சரி. நான் மாடியில அளந்தது தப்பு.

கண்ணு வைக்கத்தான் ஆளு இல்ல. அந்தப் பிரஷு அவன் வீட்டுல இருந்தா ரஞ்சிதம்மாவ வைக்கச் சொல்லலாம்னு பாக்கேன். விளக்குமாத்த எடுத்தா அதையும் வாங்கிக்கிட வேண்டியதுதான்.

இந்தா, எந்திரிச்சிட்டியளே. உடன்குடி வந்துட்டா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. குழாயத் தாண்டி வாங்க, மெதுவா. ஒரு நிமிசம் தம்பி, ஒரு உதவி.

முன்னால ரெண்டாவது சீட்டுல, ஜன்னல் ஓரமா நீலச் சேலை கட்டி ஒரு அம்மா இருக்கு பாத்தியளா? தலைய இப்பிடித் திருப்பாம உக்காந்திருக்கே, அதுதான் உலகம்மை. இருவத்தஞ்சு நாளா நாங்க பேச்சு இல்ல. நான்தான் பேசல. இன்னைக்கிக் காலையில நான் கெளம்பும்போது அவளும் கதவப் பூட்டிட்டுப் பின்னாலயே வந்தா. நீ எங்க வாரன்னு கூட நான் கேக்கல. தனி டிக்கெட் எடுத்து ஏறிட்டா. கால் வலிக்காரி, அங்க சக்கரத்துக்கு மேல தூக்கித் தூக்கிப் போடும்.

அங்க போயித் துணிய விரிச்சா ஒரு பக்கம் பிடிக்க ஒரு ஆளு வேணும். நீளமான துணி, நான் ஒருத்தனா அளக்க முடியாது.

எறங்கிப் போகும்போது அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, பின்னால எடம் காலியா இருக்குன்னு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

இல்ல தம்பி, நில்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க.